கோமளம் கட்டிய திக்குகள்

பெங்களூர் மல்லேஸ்வரம் பதிமூன்றாவது கிராஸில் இருக்கும் கோமளத்தின் வீட்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மூன்று பேர் வருவதாக இருந்தது. மகன் ஷ்ரேயாஸ் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் மமதா, அவளுடைய அப்பா தனக்கோடி, அம்மா ஷோபா. ஷ்ரேயாஸும் மமதாவும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள். மமதாவின் வீடு ஈஜிபுராவில். தனக்கோடி பீன்யாவில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஷோபா, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் பி.ஜி. ஒன்றில் சமையலைப் பார்த்துக்கொள்கிறாள்.

மகன் இந்த விஷயத்தைச் சொன்ன அன்று கோமளம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளால் சொல்ல முடியாது. கல்லூரியில் பல வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கூட வேலை பார்த்தவர்களின் வீடுகளில் இப்படிப்பட்ட கல்யாணங்கள் நடந்தபோதெல்லாம் முதல் ஆளாகப் போய் அட்சதை போட்டுவிட்டு, "இந்தக் காலத்துல இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று முகம் சுளித்தவர்களுக்கு எடுத்துச் சொன்னவள். சாதி என்ற சொல்லே அந்த வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை. அதனால், "ரொம்ப சந்தோஷம்டா" என்றாள். சொல்லிவிட்டு நேராகப் பூஜை அறைக்குள் போனாள்.

அவளிடம் ஒரு நரசிம்ம மந்திரம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஸ்கூட்டரோடு சாலைப் பள்ளத்தில் விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, குடும்பத்துக்குத் தெரிந்த சுந்தரேசன் சாஸ்திரிகள் உபதேசம் செய்தது. ஆபத்து எந்தத் திசையிலிருந்து வந்தாலும் காக்கும் மந்திரம், பெங்களூரில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று அவர் சிரிக்காமல் சொன்னார். உபதேசமாக வாங்கிய மந்திரத்தை இன்னொருவர் காதுபட உச்சரிக்கக் கூடாது என்பதால், அது என்ன மந்திரம் என்று அவள் கணவருக்கே தெரியாது.

ஆனால் அதை ஜபிக்கும் முறை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குளித்து, மடியாகக் கிழக்கு பார்த்து மணையில் உட்காருவாள். முதலில் சங்கல்பம். இன்ன நாளில், இன்ன நட்சத்திரத்தில் பிறந்த இன்னார், இன்ன பலனுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்வது. பிறகு நியாசம். விரல்களையும், மார்பு, தலை, உச்சி, தோள், கண்கள் என்று உடம்பின் இடங்களையும் தொட்டுத் தொட்டு, ஒவ்வொன்றையும் தெய்வத்தின் காவலில் வைப்பது. இரண்டு கைகளையும் குறுக்கே போட்டுத் தோள்களைத் தொடும்போது அது கவசம். கடைசியில் தலையைச் சுற்றி விரலைச் சொடுக்கி, "இதி திக்பந்த:" என்பாள். அத்துடன் எல்லாத் திக்குகளையும் கட்டியாயிற்று. இனி எந்தப் பக்கமிருந்தும் எதுவும் உள்ளே வராது. அதற்கப்புறம் தியானம், துணிக்கடியில் உருளும் துளசி மணி மாலை, உதடு மட்டும் அசையும் நூற்றெட்டு ஜபம். முடிந்ததும் மறுபடி அதே நியாசம். இந்தத் தடவை சொடுக்கும்போது "திக்விமோக:" என்று சொல்லி, கட்டிய திக்குகளை அவிழ்த்துவிட வேண்டும். நடுவில் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது.

சங்கல்பத்தில் அவள் வாய் எப்போதும்போல் குடும்பத்தின் க்ஷேமம் என்றுதான் சொல்லியது. ஷ்ரேயாஸ் விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து மனசு மட்டும் அதன் பின்னாலேயே ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. 'இது நடக்காம நீ பாத்துக்கோ.' நரசிம்மர் வாயைக் கேட்பாரா, மனசைக் கேட்பாரா என்று அவள் யோசிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஜபத்துக்கு உட்காரும் முன் கணவரைக் கூப்பிட்டாள். வெங்கடசுப்ரமணியன் மாநில நீர்ப்பாசனத் துறையில் என்ஜினீயராக இருந்தவர். கோயிலுக்குப் போகமாட்டார், போகிறவர்களைத் தடுக்கவும் மாட்டார்.

"ஏன்னா, அடுப்புல ரவை வறுபடறது. கைவிடாம கிளறிண்டே இருங்கோ. பொன் நிறமானதும் அணைச்சுடுங்கோ, நான் வந்து கேசரி பண்ணிக்கறேன்."

"அணையே கட்டியிருக்கேன், ரவை வறுக்க மாட்டேனா?" என்றார் அவர்.

கோமளம் திக்குகளைக் கட்டிவிட்டு மாலையில் பாதி தூரம் போயிருப்பாள். பூஜை அறை வாசலில் நிழல் தட்டியது. கணவர் நின்றுகொண்டிருந்தார். ஜபத்தின்போது பேசக் கூடாது என்ற விதியை அவர் தனக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டவர். அதனால் வாயைத் திறக்காமல் ஒரு கையைக் கரண்டிபோல் சுழற்றிக் காட்டினார். அப்புறம் இரண்டு கைகளையும் மேலே மேலே உயர்த்தி, கண்களை அகல விரித்தார். கோமளம் புருவத்தை நெரித்து அவரைப் போகச் சொன்னாள். அவர் போகவில்லை. கைகளை இன்னும் உயரமாகத் தூக்கினார். அவருக்குப் பின்னாலேயே புகையும் வந்து சேர்ந்தது.

கோமளம் மாலையும் கையுமாக எழுந்து ஓடினாள்.

ரவை கரியாகியிருந்தது. கிரிக்கெட்டில் ஒரு ஓவர்தான் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார் கணவர். வாணலியைத் தொட்டியில் போட்டு, ஜன்னல்களைத் திறந்து, புதிதாக ரவை வறுத்து, கேசரியைக் கிளறி இறக்குவதற்குள் மணி பத்தே முக்காலாகிவிட்டது. அவள் அவசரமாகப் புடவையை மாற்றிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பதினொரு மணிக்கு யாரும் வரவில்லை.

ஷ்ரேயாஸ் ஃபோனில் பேசிவிட்டு வந்தான். "கார்ப்பரேஷன் கிட்ட மாட்டிண்டிருக்காம்மா. ஏதோ ஓட்டப் பந்தயமாம். ரோட்டையே மூடிட்டாளாம்."

தனக்கோடி, தன் தம்பியின் ஆம்னி வேனை இரவல் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வருகிறார் என்றான். பதினொன்றரைக்கு அடுத்த செய்தி வந்தது. சேஷாத்ரிபுரம் பக்கமாக நுழைந்தால் குழாய் போடத் தெருவைத் தோண்டி வைத்திருக்கிறார்கள், வேறு வழியாகச் சுற்றி வருகிறார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர்கள் யஷ்வந்த்பூரில் இருந்தார்கள்.

"யஷ்வந்த்பூரா? அது நம்மாத்தைத் தாண்டின்னா இருக்கு?" என்றார் வெங்கடசுப்ரமணியன்.

"தாண்டிப் போயிட்டாப்பா. திரும்பி வர்றா."

திரும்பி வந்தவர்கள், காடு மல்லேஸ்வரர் கோயில் பக்கம் கடலைக்காய்ப் பரிஷையில் போய் முட்டிக்கொண்டார்கள். கார்த்திகை மாதத்துக் கடலைத் திருவிழா. தெரு முழுக்கக் கடலை கொட்டிக் கிடக்க, போலீஸ்காரர் வேனை வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார்.

வெங்கடசுப்ரமணியன் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். "தெற்கே ஓட்டம், கிழக்கே பள்ளம், வடக்கே போனவா திரும்பி வந்தா கடலைக்காய். எந்தப் பக்கமும் வர முடியாம யாரோ கட்டிப் போட்ட மாதிரின்னா இருக்கு."

கோமளம் இருக்கையை விட்டு எழுந்தாள். எதற்கோ போகிறவள்போல் சமையலறைக்குள் போய், தண்ணீர் குடிக்காமல் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே வந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"நான்தான் கட்டினேன்" என்றாள் கோமளம். "காலைல திக்பந்தம் பண்ணேன். நீங்க வந்து கையைக் கையைத் தூக்கினேள், நான் எழுந்து ஓடி வந்தேன். அவுக்கவே இல்ல."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மனைவி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அடைப்பு என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தோன்றும் பதில் ஒன்றுதான். "அப்போ திறந்து விட்டுடு."

"நினைச்சபோது திறக்க அதென்ன மதகா? சாஸ்திரிகளைக் கேக்கணும்."

சுந்தரேசன் சாஸ்திரிகள் பசவனகுடியில் ஒரு சீமந்தத்தில் இருந்தார். நாதஸ்வரத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசினார்.

"நடுவுல எழுந்துட்டேளா? பரவாயில்ல. ஆசமனம் பண்ணிட்டு, சங்கல்பத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிங்கோ. நூத்தெட்டும் முடிச்சு, திக்விமோகம் சொல்லிட்டு எழுந்திருங்கோ. அவ்வளவுதான்."

"மாமா, இன்னொண்ணு. ஆத்துக்கு வர வேண்டியவா வழியில மாட்டிண்டிருக்கா. நான் திக்கை அவுக்காததாலயா இருக்குமோ?"

"விருந்தாளியைப் போய் திக்பந்தம் தடுக்குமா? கெட்டதைத்தான் தடுக்கும். நல்லதுக்கு வழி விட்டுடும்." நாதஸ்வரம் ஒரு நிமிஷம் ஓய்ந்தது. சாஸ்திரிகளின் குரல் தெளிவாகக் கேட்டது. "சங்கல்பத்துல என்ன வேண்டிண்டேள்?"

கோமளம் கையிலிருந்த தம்ளரை மேடைமேல் வைத்தாள்.

"கோமளம், லைன்ல இருக்கேளா?"

"இருக்கேன் மாமா. குடும்ப க்ஷேமம்னுதான் சொன்னேன்."

"சொன்னது சரி. நினைச்சது?"

"சிக்னல் சரியா இல்ல மாமா. அப்புறம் கூப்பிடறேன்" என்று அவள் ஃபோனை வைத்துவிட்டாள். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர்வீட்டு மாமரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது.

மறுபடி கால் கழுவி, மணையில் உட்கார்ந்து, மும்முறை தண்ணீர் உறிஞ்சி ஆசமனம் செய்தாள். சங்கல்பத்துக்குக் கையைத் தொடைமேல் வைத்தவள், அப்படியே நிறுத்திவிட்டாள். குடும்ப க்ஷேமம் என்று பொதுவாகச் சொன்னால் மனசு பின்னாலிருந்து தன் வரியைச் சேர்த்துவிடும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றால், யார் வரவேண்டுமோ அவர்கள் பெயரையே சொல்லிவிட வேண்டும். பெயர் சொன்னால் நட்சத்திரமும் சொல்ல வேண்டும்.

ஜபம் இன்னும் தொடங்கவில்லை, பேசலாம். "ஷ்ரேயாஸ்" என்று கூப்பிட்டாள். "மமதாவோட நட்சத்திரம் என்னடா?"

ஷ்ரேயாஸின் முகம் சுருங்கியது. "அம்மா, ஜாதகம் பாக்க மாட்டோம்னு சொல்லியிருக்கேன்."

"ஜாதகத்துக்கு இல்லடா. தெரியுமா தெரியாதா?"

அவனுக்குத் தெரியவில்லை. மமதாவைக் கூப்பிட்டான். மமதாவுக்கும் தெரியவில்லை, ஃபோனை அம்மாவிடம் கொடுத்தாள். ஷ்ரேயாஸ் ஃபோனைத் தன் அம்மாவிடம் நீட்டினான். இப்படித்தான் கோமளமும் ஷோபாவும் முதல் தடவையாகப் பேசிக்கொண்டார்கள்.

"நமஸ்காரம். நான் ஷ்ரேயாஸோட அம்மா பேசறேன்."

"சொல்லுங்கம்மா" என்றது அந்தப் பக்கம். குரலில் வளைவு நெளிவு இல்லை.

"உங்க பொண்ணோட நட்சத்திரம் என்னன்னு சொல்ல முடியுமா?"

"எதுக்குங்க? தம்பி பொருத்தம்லாம் பாக்க மாட்டோம்னு சொன்னாரே. வழியிலயே பாத்துட்டு, சேரலைன்னு திருப்பி அனுப்பப் போறீங்களா?"

கோமளத்துக்குச் சுருக்கென்றது. கோபப்படத்தான் நினைத்தாள். ஆனால் அந்தக் கேள்வியில் முழுசாகத் தப்பு என்று சொல்ல எதுவும் இல்லை.

"பொருத்தம் பாக்க இல்லைங்க. நான் ஜபத்துல உக்காந்திருக்கேன். நீங்க நல்லபடியா வந்து சேரணும்னு வேண்டிக்கப் போறேன். பேரும் நட்சத்திரமும் சொல்லித்தான் வேண்டிக்கணும். அதான் கேட்டேன்."



"மமதாவுக்கு மட்டுமா?"

"மூணு பேருக்கும்தான்."

"அவ உத்திரட்டாதிங்க" என்றாள் ஷோபா மெதுவாக. "நான் திருவாதிரை. இருங்க, கேட்டுச் சொல்றேன். யோவ், உன் நட்சத்திரம் இன்னா?"

தனக்கோடியின் குரல் தூரத்தில் கேட்டது. "யாருக்குத் தெரியும்? ஞாயித்துக்கெழமை பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்."

"அவருக்கு அதுதாங்க தெரியும்" என்றாள் ஷோபா. முதல் தடவையாக அவள் குரலில் சங்கடம் இருந்தது.

"பரவாயில்ல. ஞாயித்துக்கிழமைன்னே சொல்லிக்கறேன். இன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதானே" என்றாள் கோமளம்.

அப்படியே சொன்னாள். உத்திரட்டாதியில் பிறந்த மமதா, திருவாதிரையில் பிறந்த ஷோபா, ஞாயிற்றுக்கிழமை பிறந்த தனக்கோடி, மூவரும் ஒரு குறையும் இல்லாமல் என் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். சமஸ்கிருதத்தில் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவர் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால் அந்த இடத்தில் தமிழே வந்தது. சொல்லி முடித்துவிட்டு மனசைக் கவனித்தாள். அது பின்னாலிருந்து எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க ஏதாவது இருக்கிறதா என்று தேடியதுபோலத்தான் இருந்தது. 'சரி, வரட்டும்' என்று அதனிடம் சொல்லிவிட்டுத் திக்குகளைக் கட்டினாள். மாலை உருள ஆரம்பித்தது.

பாதி மாலைகூடத் தாண்டவில்லை, வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டது.

ஷ்ரேயாஸ் அவர்களை உள்ளே அழைத்துவந்தான். வேனை எங்கேயோ நிறுத்திவிட்டு, பரிஷைக் கூட்டத்துக்குள் புகுந்து நடந்தே வந்திருந்தார்கள். தனக்கோடியின் கையில் ஒரு பெரிய பொட்டலம் கடலைக்காய். மமதா பழத்தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "அம்மா ஜபத்துல இருக்கா. இப்போ பேச முடியாது, எழுந்திருக்கவும் முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஷ்ரேயாஸ் தவித்தான்.

கோமளத்துக்கும் தவிப்புதான். சம்பந்தம் பேச வந்தவர்களை உட்கார்ந்தபடியே வரவேற்கிறாளே என்று நினைப்பார்கள். இன்னொரு தடவை நடுவில் எழுந்தால் என்ன ஆகுமோ என்ற பயமும் இருந்தது. பூஜை அறை வாசலில் வந்து நின்ற ஷோபாவைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள். இடது கையால் பக்கத்திலிருந்த பாயைத் தட்டிக் காட்டினாள்.

ஷோபா ஒரு கணம் யோசித்தாள். உள்ளே வந்தாள். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோமளத்தின் உதடுகள் அசைவதையும் துணிக்கடியில் விரல் நகர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஆண்கள் ஓட்டப் பந்தயத்தைத் திட்டுவது கேட்டது. ஷோபா நகரவில்லை.

ஜபம் முடிந்தது. கோமளம் மறுபடி மார்பையும் தலையையும் உச்சியையும் தொட்டு, தோள்களில் கைகளைக் குறுக்கே போட்டு எடுத்து, தலையைச் சுற்றிச் சொடுக்கினாள். உத்தரிணிக் கரண்டியால் தண்ணீரைக் கையில் விட்டு ஜபத்தைச் சமர்ப்பித்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"வாங்கோ. இப்படி உக்கார வெச்சுட்டேன், மன்னிச்சுக்கணும்."

"அதெல்லாம் இல்லீங்க. கடைசியில சொடுக்கினீங்களே, அது இன்னாது?"

"கட்டின திக்கை அவுத்து விடறது."

"எதுக்குக் கட்டினீங்க?"

கோமளம் மாலையைப் பைக்குள் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்தாள். வேறு பதில் சொல்லியிருக்கலாம். சாஸ்திரிகளிடம் சொன்னதுபோல் சிக்னல் இல்லை என்று இங்கே சொல்ல முடியாது. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாள் ஷோபா.

"நீங்க வரக்கூடாதுன்னுதான்" என்றாள். "வாயால சொல்லல. மனசுல இருந்தது. அப்புறம்தான் உங்க நட்சத்திரம் கேட்டு ஃபோன் பண்ணேன்."

ஷோபாவின் முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவாள் என்று கோமளம் நினைத்தாள். ஆனால் ஷோபா கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மேப்பு என் கையிலதாங்க இருந்துச்சி."

"என்ன மேப்?"

"வழி சொல்ற மேப்பு. அவர் வண்டி ஓட்றாரு, நான் பக்கத்துல உக்காந்து லெஃப்ட்டு ரைட்டுன்னு சொல்லிகினு வந்தேன். அந்த ஓட்டப் பந்தயம் நெஜம். குழி நெஜம். யஷ்வந்த்பூர் நான் சொன்னது. அது லெஃப்ட்டுன்னு காட்டுச்சி, நான் நேராப் போன்னேன். கடலைக்காய் கூட்டத்துல போய் விட்டதும் நாந்தான். ரெண்டு தடவ சுத்தினா மனுசனுக்கு பேஜாராயி, வண்டிய வூட்டுக்குத் திருப்பிடுவாருன்னு பாத்தேன்."

கோமளம் அவளையே பார்த்தாள். "ஏன்?"

"பெரிய எடம். நாளைக்கு என் பொண்ணு இங்க வந்து ஒரு தம்ளரத் தொட்டா, கழுவி வைப்பீங்களோ இன்னாவோன்னு. அவ படிச்ச படிப்புக்கு அவ யார் கிட்டயும் தலைகுனிஞ்சி நிக்கக் கூடாது. தம்பி நல்லவருதான். வூட்ல எப்படியோன்னு பயம். நீங்க ஃபோன்ல மூணு பேருக்கும்னீங்க பாருங்க, அப்புறந்தான் மேப்பு சொன்னபடி சொன்னேன்."

கோமளத்துக்குத் தம்ளர் என்ற சொல் எங்கேயோ போய்த் தைத்தது. அப்படியெல்லாம் இல்லை என்று உடனே சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. கையை நீட்டி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். முதலில் சிரித்தது ஷோபாதான். யஷ்வந்த்பூரில் தன் கணவர் மேப்பை நம்பிக்கொண்டு தெருவில் போகிறவர்களையெல்லாம் திட்டியதை நினைத்துச் சிரித்தாள். கோமளம், தன் கணவர் வாசலில் நின்று புகைக்குக் கை காட்டியதைச் சொன்னாள். வெளியே பேச்சு நின்றுபோகும் அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

"எல்லாம் ஓகேவாம்மா?" என்று மமதா பயத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"நீ போடி, பெரியவங்க பேசறோம்" என்றாள் ஷோபா.

சாப்பாடு இரண்டு மணிக்கு நடந்தது. தனக்கோடி கேசரியை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெங்கடசுப்ரமணியன் அதில் தன் பங்கும் இருக்கிறது என்றார். பெண்கள் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரசத்தைக் கையில் வாங்கி ருசி பார்த்த ஷோபா, பி.ஜி.யில் அறுபது பேருக்குச் சமைக்கிறவளின் நிதானத்தோடு, "புளி ஒரு கை தூக்கல்" என்றாள். கோமளத்தின் ரசத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அவள் இன்னொரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்தாள். "இருக்கும். புது புளி" என்று விட்டுக்கொடுத்தாள்.

தட்டுகளை எடுக்கும்போது ஷோபா தன் மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"ஒண்ணு இப்பவே சொல்லிடறேங்க. பின்னாடி பேச்சு வரக் கூடாது. என் பொண்ணு முட்டை சாப்பிடுவா. கறி, மீனும் சாப்பிடுவா. இந்த வூட்டு சமையல் ரூம்ல பண்ண மாட்டா. ஆனா சாப்பிடறத வுட்றுன்னு சொல்லக் கூடாது."

மமதா தலையைக் குனிந்துகொண்டாள். 

கோமளம் கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு இது பிடிக்கவில்லை. பிடித்ததுபோல் நடிக்கவும் அவளுக்கு இப்போது விருப்பமில்லை.

"எனக்குப் பழக்கமில்ல. கொஞ்ச நாள் ஆகும்" என்றாள். "ஆனா சொல்ல மாட்டேன். ஷ்ரேயாஸ் ஆபீஸ் பக்கத்துல பிரியாணி சாப்பிடறது எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். சட்டைல மசாலா வாசனை வந்தா வேதியியல் வாத்தியாருக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதுன்னு அவன்தான் நினைச்சிண்டிருக்கான்."

கூடத்தில் யாரோ தண்ணீர் குடித்துப் புரையேறி இருமினார்கள். தனக்கோடி யாருடைய முதுகையோ தட்டிக்கொடுப்பது கேட்டது.

மமதா நிமிர்ந்து கோமளத்தைப் பார்த்தாள். "ஆன்ட்டி, பிரியாணி அவருக்கு நான்தான் பழக்கினேன்."

"அப்படியா? இனிமே அவன் சட்டையை நீயே தோய்" என்றாள் கோமளம்.

சாயங்காலம் அவர்கள் புறப்படும்போது நாள் குறிக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஜிபுராவுக்கு வருவதாக மட்டும் கோமளம் சொன்னாள். ஷோபா, அங்கே வீடு சின்னது, மாடிப்படி குறுகல், பார்த்து ஏற வேண்டும் என்றாள். கோமளம் அவள் கையில் குங்குமச் சிமிழைக் கொடுத்துவிட்டு, படிக்கட்டில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் ஷோபா. ஆனால் அது ஆடும், சுவர்ப்பக்கமாக வரவேண்டும், தானே கீழே வந்து கூட்டிப் போகிறேன் என்றாள்.